ஆம்பளை பாக்கக் கூடாத கொழுக்கட்டை

அந்த ரூமுக்கா தம்பி? டயட் ரூமுக்கா? இப்ப உள்ள விட மாட்டாங்க. பொம்பளைகளுக்கு மட்டும் வகுப்பு நடக்குது. ஆம்பளைக வெளியதான் உக்காரணும். இப்படி உக்காருங்க, ஃபேன் காத்து இங்கதான் வரும். யாருக்கு, அப்பாவுக்கா? அவரு மாத்திரை வாங்குற வரிசையில நிக்கிறாரா? அம்மா உள்ள போயிருக்காங்களாக்கும். சரி சரி. கிட்னியா? பிரஷரும் உண்டா? எனக்கும் அதேதான். ரெண்டும் சேர்ந்துதான் வரும். எது மொதல்ல வந்துச்சுன்னு டாக்டருக்கே தெரியல.

என் பேரு அடைக்கலம். பஸ்ஸுல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். நடுவழியில கையைக் காட்டி நிறுத்தி ஏறுவோமே, பாத்திருப்பீங்க. ஏறுன உடனே எவன் டிக்கெட் எடுக்கலன்னு எனக்குத் தெரிஞ்சுபோகும். கேக்கவே வேணாம். எடுக்காதவன் ஜன்னல் வழியா வெளிய ரொம்ப அக்கறையாப் பாப்பான். வயலையே பாக்காதவன் மாதிரி வயலைப் பாப்பான். என்னை ஏமாத்துனவன் இந்த ஜில்லாவுல கிடையாது. இதை ஏன் மொதல்லயே சொல்றேன்னா, நான் சொல்லப்போறதைக் கேட்டுட்டு இந்த ஆளை வீட்டுல ஏமாத்திப்புட்டாங்கன்னு நீங்க நினைச்சுறக் கூடாது.

உள்ளதான் இருக்கா என் வீட்டுக்காரி. வள்ளிக்கண்ணு. அவளே இப்பல்லாம் அந்த வகுப்புல ஏதோ சொல்லிக்குடுக்குறாளாம். என்னன்னு நான் கேட்டுக்கல.

சாப்பாட்டு விஷயத்துல நான் தொந்தரவு பண்ற ஆளே இல்ல. நீங்க எங்க தெருவுல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. சில வீட்டுல தட்டு பறக்கும், சத்தம் முச்சந்தி வரைக்கும் கேக்கும். எங்க வீட்டுல அதெல்லாம் கிடையாது. குழம்புல உப்பு கம்மின்னா தட்டை இந்தா, இவ்வளவு தூரம் தள்ளி வைப்பேன். அவ்வளவுதான். அடுப்படிக் கதவோரமா நின்னு பாத்துக்கிட்டே இருப்பா. உடனே உப்பு ஜாடியோட வந்துருவா. நான் எந்திரிச்ச பிறகுதான் அவ உக்காந்து சாப்பிடுவா. இத்தனை வருஷத்துல ஒரு சண்டை கிடையாது. பேச்சே கிடையாதுன்னா சண்டை எங்கேருந்து வரும்?

போன வருஷம் செருப்பு சின்னதாப் போச்சு. மழையில நனைஞ்சு சுருங்கிப்போச்சுன்னு நினைச்சு வேற செருப்பு வாங்குனேன். அதுவும் சின்னதாப் போச்சு. செருப்புக் கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போனேன். அவன் என் காலைப் பாத்துட்டு, "ஐயா, நீங்க போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு"ன்னான். இங்க வந்தா, பிரஷர் ஏறிக் கிடக்கு, கிட்னி பாதிக்கு மேல போயிருச்சுன்னாரு டாக்டர். உப்பைக் குறைங்க, இல்லன்னா மெஷின்ல போடுற மாதிரி ஆயிரும்னாரு. மெஷின்னா தெரியும்ல? ரத்தத்தை வெளிய எடுத்து, கழுவி, திரும்ப உள்ள விடுறது. வாரம் தவறாம வந்து படுக்கணும். சாகுற வரைக்கும்.

அன்னைக்கே உப்பை விட்டுட்டேன் தம்பி. குறைக்கச் சொன்னாரு, நான் அடியோட விட்டேன். ஜாடியையே எதுத்த வீட்டுக்குக் குடுத்துட்டேன். அன்னைக்கு வெள்ளிக்கிழமை, உப்பு வீட்டை விட்டு வெளிய போகக் கூடாதுன்னா வள்ளிக்கண்ணு. சரின்னு சனிக்கிழமை குடுத்தேன். அப்படிக் கட்டுப்பாடா இருந்தும் அடுத்த தடவை வந்தா பிரஷர் முன்னைவிட அதிகம். அப்பதான் இந்த ரூமுக்கு அனுப்புனாரு.

உள்ள ஒரு சின்னப் பொண்ணு, சுகிர்தான்னு பேரு. நாகர்கோவில் பக்கம். மேசை மேல கடை பரப்புன மாதிரி எல்லாம் வச்சிருக்கும். அப்பளம், வத்தல், ஊறுகாய், கருவாடு, அந்தப் பொண்ணு ஒரு மளிகைக் கடையே வச்சிருந்துச்சு. "நேத்து என்ன சாப்பிட்டீங்க ஐயா?"ன்னு கேட்டுச்சு. நான் ஒளிக்கிற ஆளா? சொன்னேன். காலையில இட்லி, பொடி. மத்தியானம் சோறு, சாம்பார். அதுல உப்பே கிடையாது, நாட்டு மருந்துக் கடையில வாங்குன இந்துப்புதான். தொட்டுக்க நெத்திலிக் கருவாடு, அப்பளம், மோர்மிளகாய். சாயங்காலம் டீக்கடையில உப்பு பிஸ்கட். உப்பு பிஸ்கட்டுன்னு பேருதான், இனிப்பாவும் இருக்கும்.

அந்தப் பொண்ணு பேனாவைக் கீழ வச்சிருச்சு.

"ஐயா, இந்துப்பும் உப்புதான். நிறம்தான் வேற. கருவாடு உப்புலயே ஊறுனது. அப்பளத்துலயும் மோர்மிளகாய்லயும் போடுற உப்பு குழம்புல கூடப் போட மாட்டாங்க. பொடியில உப்பு இல்லையா?"

"பொடியில இருக்கும்மா. ஆனா அது பொடி அரைச்ச அன்னைக்குப் போட்டது. நான் உப்பை விட்டது அதுக்குப் பிறகு."

"ஐயா..."

"உப்புன்னா உப்பும்மா. அப்பளம்னா அப்பளம். ரெண்டும் ஒண்ணுன்னா கடையில எதுக்கு ரெண்டு பேரு?"

அந்தப் பொண்ணு பக்கத்துல நின்ன வள்ளிக்கண்ணு பக்கம் திரும்பி, அவகிட்டப் பட்டியல் போட ஆரம்பிச்சிருச்சு. பாவம், படிச்ச பிள்ளைதான், இருந்தாலும் அனுபவம் வேணும்ல.

நான் ஜெயிச்சுட்டு வந்தேன். ஆனா வீட்டுக்கு வந்ததும் வள்ளிக்கண்ணு என்ன பண்ணுனா தெரியுமா? அப்பளக் கட்டு, மோர்மிளகா டப்பா, கருவாடு, இந்துப்பு, எல்லாத்தையும் ஒரு பையில கட்டி எங்கேயோ கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துட்டா. அன்னைக்கு ராத்திரி வச்ச குழம்பு இருக்கே, பச்சைத்தண்ணி அதைவிட ருசி. தட்டைத் தள்ளி வச்சேன். கதவோரம் நின்னவ நகரல. இன்னும் கொஞ்சம் தள்ளுனேன். நகரல. தள்ளித் தள்ளித் தட்டு சுவத்துல போய் முட்டிருச்சு. அதுக்கு மேல தள்ள எடம் இல்ல. எந்திரிச்சு டீக்கடைக்குப் போயிட்டேன். பசிக்காக இல்ல, சும்மா ஒரு நடை. போன எடத்துல சும்மா நிக்க முடியாதுல்ல, வடை சாப்பிட்டேன். அப்பறம் தினமும் நடந்தேன்.

அதுக்கடுத்த தடவை டாக்டர் ஒண்ணும் திட்டல. திட்டியிருந்தாத் தேவல. என் இடது கையைப் புடிச்சுத் தடவிப் பாத்து, இந்தா, இந்த எடத்துல, பேனாவால ஒரு வட்டம் போட்டாரு. "அடுத்த தடவையும் இப்படியே இருந்தா இங்க ஒரு சின்ன ஆபரேஷன் பண்ணி மெஷினுக்கு வழி வச்சுருவோம்"னாரு. தம்பி, பயந்துட்டேன். மறைக்க என்ன இருக்கு? வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டுத் தேய்ச்சேன், அந்த மை போகல. சட்டையை முழுக்கையா எறக்கிவிட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன். வள்ளிக்கண்ணு பாத்துறக் கூடாதுன்னு. அவ பக்கத்துல நிக்கையிலதான் டாக்டர் போட்டாரு, அதையும் மறந்துட்டேன்.

பயம் இருந்தா நாக்கு சொன்னபடி கேக்கும்னு நினைக்காதீங்க. சோத்தை வாயில வச்சா நாக்கு தனியா ஒரு ஆளு மாதிரி நிக்குது. முழுங்க மாட்டேங்குது. அன்னைக்கும் தட்டைத் தள்ளத்தான் செஞ்சேன்.

இப்பதான் முக்கியமான எடத்துக்கு வர்றேன். மறுவாரம் வகுப்புக்கு ஆம்பளை பொம்பளை எல்லாரையும் சோடியா வரச் சொல்லியிருந்துச்சு அந்தப் பொண்ணு. எல்லாரும் உக்காந்திருக்கோம். பொம்பளைகளைப் பாத்துக் கேட்டுச்சு. "உங்க வீடுகள்ல என்னைக்காவது உப்பே போடாம ஆக்குறது உண்டா?"

ஒருத்தரை ஒருத்தர் பாக்குறாளுக. முந்தானையை வாயில வச்சுக்கிட்டுச் சிரிக்கிறாளுக. எங்க ஆம்பளைக எல்லாரும் தரையைப் பாத்தோம். என்னன்னு எங்களுக்கும் தெரியும், ஆனா எங்க முன்னால பேசக் கூடாது.

உங்களுக்கு எந்த ஊரு? வடக்கேயா? அப்ப தெரிஞ்சிருக்காது. எங்க பக்கம் செவ்வாப்பிள்ளையார்னு பொம்பளைக ஒரு நோன்பு கும்பிடுவாக. ஆடி, தை மாசத்துச் செவ்வாக்கிழமையில. வீட்டுல ஆம்பளைன்னு ஒரு பூச்சி இருக்கக் கூடாது. கைக்குழந்தை ஆம்பளையா இருந்தாக்கூடத் தூக்கி வெளிய குடுத்துருவாக. நாங்கல்லாம் கோயில்லயோ டிப்போவுலயோ போய்ப் படுத்துக்குவோம். கதவைச் சாத்திக்கிட்டுப் பச்சரிசி மாவு இடிச்சுக் கொழுக்கட்டை அவிப்பாக. அதுல உப்புப் போட மாட்டாக. விடியிறதுக்குள்ள அவுகளே சாப்பிட்டு முடிச்சுருவாக, ஒரு துணுக்கு மிஞ்சாது. ஆம்பளை அதைச் சாப்பிடக் கூடாது, கண்ணாலயும் பாக்கக் கூடாது. பாத்தா கண்ணு போயிரும்பாக. எங்க ஊர்ல எவனுக்கும் பயம் கிடையாது, எட்டிப் பாத்தவனும் கிடையாது.

அந்தப் பொண்ணு எங்களைப் பாத்து, "எங்க ஊர்லயும் இது மாதிரி உண்டு. ஐயாமார் கொஞ்சம் வெளிய இருங்க"ன்னுச்சு. இந்தா, இதே பெஞ்சுலதான் வந்து உக்காந்தோம். கதவைச் சாத்திக்கிட்டாக. கொஞ்ச நேரம் குசுகுசுன்னு சத்தம். பிறகு ஒரு சிரிப்பு கேட்டுச்சு பாருங்க, நான் ஏறுன எந்த பஸ்ஸுலயும் யாரும் அப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்ல.

திரும்பிப் போறப்ப வள்ளிக்கண்ணு முன்னால லேடீஸ் சீட்டுல உக்காந்திருந்தா. வழி பூராவும் ஜன்னல் வழியா வெளிய ரொம்ப அக்கறையாப் பாத்துக்கிட்டே வந்தா. காத்து வாங்குறான்னு விட்டுட்டேன்.

மறுநாள் மத்தியானம் வந்து நிக்கிறா. "ஏங்க, நோன்புக் கொழுக்கட்டையை உங்களுக்குக் குடுக்கலாம்னு செல்லக்கண்ணு மதினி உத்தரவு குடுத்திருக்காக." மதினி எங்க தெருவுல நோன்புக்குத் தலைமை. அவுக சொன்னா மறுபேச்சு இல்ல. "நோயாளிக்கு மட்டும் விதிவிலக்காம். சாப்பிடலாம், ஆனா பாக்கக் கூடாது. குறை சொல்லக் கூடாது. அதைச் சாப்பிட்ட வாயில வெளியில எதையும் தொடக் கூடாது. மீறுனா சாமி குத்தம்."

நான் விவரம் தெரிஞ்சவன், உடனே கேட்டேன். "இது புரட்டாசி மாசம். இன்னைக்குச் செவ்வாக்கிழமையும் இல்லையே?"

"சீக்காளிக்கு எல்லா நாளும் செவ்வாக்கிழமைதானாம், மதினி சொன்னாக."

அது நியாயமாத்தான் பட்டுச்சு. தோள்ல கிடந்த துண்டை எடுத்து அவளே என் கண்ணைக் கட்டுனா. தம்பி, பொய் சொல்லல, உடம்பு சிலுத்துப்போச்சு. எங்கப்பனுக்குத் தெரியாதது, எங்க பாட்டனுக்குத் தெரியாதது, இந்த ஜில்லாவுல ஒரு ஆம்பளைக்கும் தெரியாத ருசி, எனக்குத் தெரியப்போகுது. வாயைத் தொறந்தேன். வச்சா.

உப்பு இல்ல. ஆனா சாமி விஷயம், உப்பு இல்லன்னு எப்படிச் சொல்றது? தட்டைத் தள்ளலாம்னாத் தட்டு எங்க இருக்குன்னே தெரியல. முழுங்கிட்டேன். ரெண்டாவது வாய்க்கு மிளகு வாசம் வந்துச்சு. மூணாவது வாய்க்குப் பூண்டு. உப்பு இல்லாத எடத்துல இதெல்லாம் இத்தனை நாளா எங்க ஒளிஞ்சிருந்துச்சோ தெரியல.

அன்னைக்குலேருந்து மூணு வேளையும் நோன்புக் கொழுக்கட்டைதான். பொம்பளைக எவ்வளவு விஷயத்தை நம்மகிட்ட மறைச்சிருக்காக தெரியுமா? கொழுக்கட்டைன்னா உருண்டையா ஒண்ணுதான்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கோம். அப்படி இல்ல. காலையில ஒண்ணு, வட்டமா, மெத்துமெத்துன்னு, நடுவுல உப்பலா, ஓரம் ஒல்லியா இருக்கும். அதுக்குத் தொட்டுக்கச் சின்ன வெங்காயத்தை வதக்கி ஒண்ணு. இன்னொண்ணு தட்டையா, ஓரமெல்லாம் மொறுமொறுன்னு, கல்லுல வார்த்த மாதிரி. மத்தியானம் உதிரி உதிரியா ஒரு கொழுக்கட்டை, பிசைஞ்சு ஊட்டணும். அது மேல ஊத்திக்கத் தண்ணியா ஒண்ணு, சீரகம் தட்டிப் போட்டு. ஒரு நாள் பொடலங்காயில கூட ஒரு கொழுக்கட்டை பண்ணியிருந்தா.

என்ன சிரிக்கிறீங்க?

இட்லிங்கிறீங்களா? நீங்க இட்லின்னு சொல்றீங்க. அவ கொழுக்கட்டைன்னு சொல்றா. ரெண்டு பேருல யாரு ஆக்குனவங்க? நான் கண்ணால பாத்தேனா? பாக்காததை நான் சாட்சி சொல்ல மாட்டேன். என் சர்வீஸ்ல அப்படி ஒரு கேஸ் எழுதுனது கிடையாது.

நான் மட்டும் இல்ல தம்பி. அன்னைக்கு இந்த பெஞ்சுல உக்காந்திருந்த ஆம்பளைக எல்லாருமே இப்ப துண்டு கட்டித்தான் சாப்பிடுறோம். பைபாஸ்ல பஞ்சர் ஒட்டுற அந்தோணி கூட. அவரு வீட்டுக்குப் பிள்ளையார் எப்படிப் போனாருன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. உங்கப்பாவுக்கு நல்ல துண்டு இருக்கா? மெல்லிசா வாங்காதீங்க, வெளிச்சம் தெரியும்.

நல்லதுதான் நடந்துச்சு. கால் வத்திப்போச்சு. புதுசா வாங்குன செருப்பு பெருசாப் போச்சு. டாக்டர் பிரஷர் பாத்துட்டு, மெஷின்ல கோளாறுன்னு வேற மெஷின் எடுத்துட்டு வந்து பாத்தாரு. "என்ன பண்றீங்க?"ன்னாரு. "சாமி விஷயம், சொல்லக் கூடாது"ன்னேன். ரத்தத்தையும் சோதிச்சுட்டு, கிட்னி இருக்குற எடத்துலயே நிக்குது, இன்னும் எறங்கல, ஆபரேஷன் இப்போதைக்கு வேணாம், இந்தச் சாப்பாட்டை மட்டும் விட்றாதீங்கன்னாரு. மாத்திரையில ஒண்ணைக் குறைச்சாரு. வெளிய வந்து வள்ளிக்கண்ணு அந்தத் தூணைப் புடிச்சுக்கிட்டு அழுதா. நான் டீ வாங்கிக் குடுத்தேன்.

ஆனா தம்பி, எனக்கு ஒரு மனக்குறை இருக்கு. அதைச் சொல்லத்தான் உங்களை உக்கார வச்சேன்.

கண்ணைக் கட்டுனதுலேருந்து அவ பேச ஆரம்பிச்சா. ஆமா. கதவோரத்துல நின்னுக்கிட்டே காலத்தை ஓட்டுனவ, இப்ப ஊட்டணும்ல, என் எதுக்க உக்காந்தா. உக்காந்தவ சும்மா இருக்காம பேசுனா. கண்ணைக் கட்டுனாக் காதும் அடைச்சுப்போச்சுன்னு நினைச்சாளோ என்னமோ. மொதல்ல பால்காரன், மதினி வீட்டு மாடுன்னுதான் ஆரம்பிச்சா. பிறகு அவ தங்கச்சி கல்யாணத்துக்கு நான் வராததைச் சொன்னா. எனக்கு டூட்டி. அதைச் சொல்லலாம்னு வாயைத் தொறந்தா வாயில கொழுக்கட்டையை வச்சுட்டா. அவளுக்குப் பாகற்காய்தான் ரொம்பப் பிடிக்குமாம். எனக்குப் பிடிக்காதுன்னு இத்தனை வருஷமா வாங்கலையாம். எனக்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னாத்தானே தெரியும்?

ஒரு நாள் மெஷின் வார்டு வாசல்ல பாத்த ஒரு பொம்பளையைப் பத்திச் சொன்னா. புருஷனுக்கு உள்ளயே உசுரு போயிருச்சாம். அந்தம்மா அவருக்குக் கொண்டுவந்த டிபன் டப்பாவை மடியில வச்சுக்கிட்டு, மூடியைத் தொறக்காம உக்காந்திருந்தாளாம். "அந்த டப்பா சூடு ஆறலீங்க. நான் தொட்டுப் பாத்தேன்"னா. பிறகு அவ கை கொஞ்ச நேரம் வரல. நான் வாயைத் தொறந்துக்கிட்டே இருந்தேன். மூடுனா அவ எந்திரிச்சுப் போயிருவாளோன்னு இருந்துச்சு.

இது இப்படிப் போய்க்கிட்டு இருக்கையில, போன தடவை வந்தப்ப, அந்தச் சுகிர்தாப் பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா? நல்லது பண்றதா நினைச்சுச் சொல்லுச்சு. "ஐயாவுக்கு நாக்கு பழகிருச்சு. இனிமே கண்ணைத் தொறந்துக்கிட்டே சாப்பிடலாம், துண்டு வேண்டாம்." வள்ளிக்கண்ணு என்னைப் பாத்தா. பிறகு தரையைப் பாத்தா. "சரிம்மா"ன்னா.

நாக்கு பழகிருச்சுங்கிறது நெசம்தான். போன மாசம் ஒரு கல்யாணத்துல சாமி குத்தத்தை மறந்து சாம்பாரை வாயில வச்சேன், கடல்தண்ணி மாதிரி இருந்துச்சு.

அந்தப் பொண்ணு துண்டு வேண்டாம்னு சொன்ன அன்னைக்கு மத்தியானம் வீட்டுக்குப் போனதும் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால வச்சா. வச்சுட்டுப் பழையபடி கதவோரமாப் போய் நின்னுக்கிட்டா. ஒரு வார்த்தை இல்ல. நான் தட்டைப் பாக்கல. சத்தியமாப் பாக்கல. தோள்ல கிடந்த துண்டை எடுத்து நானே கண்ணைக் கட்டிக்கிட்டேன். முடிச்சு சரியா விழல, ரெண்டு தடவை போட்டேன்.

"எதுக்குங்க இது? அதான் வேணாம்னு சொல்லிட்டாங்கள்ல?"

"அது நாகர்கோவில்காரப் பொண்ணு. அதுக்கு என்ன தெரியும்? கொழுக்கட்டையை ஆம்பளை பாக்கக் கூடாதுல்ல"ன்னேன்.

சரி, போயிட்டா போலன்னு நினைச்சேன். பிறகு வளையல் சத்தம் கிட்டத்துல வந்துச்சு. எதுக்க உக்காந்தா. தட்டை அவ பக்கம் இழுத்துக்கிட்டா.

"நேத்துப் பாருங்க, நம்ம மதினி வீட்டு மாடு..."ன்னு ஆரம்பிச்சா.

நான் வாயைத் தொறந்தேன்.